த கேர்ள் ஆன் த டிரெயின் (புதினம்)

த கேர்ள் ஆன் த டிரெயின் (பொருள்: தொடர்வண்டியில் செல்லும் பெண்) என்பது பிரித்தானிய எழுத்தாளர் பவுலா ஹாக்கின்ஸ் எழுதிய ஆங்கிலப் புதினமாகும். இது 2015 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வெளிவந்தது. உளவியல் திகில் புனைவு என்னும் வகையைச் சேர்ந்த இந்நூல் இலண்டன் நகரையும் அதன் புறநகர்ப் பகுதியையும் களமாகக் கொண்டது. மதுவுக்கு அடிமையான ஒரு பெண், தான் கண்டதையும் செய்ததையும் தானே உறுதியாகக் கூற இயலாத நிலையில், ஒரு கொலைக்குச் சாட்சியாக நிற்பதே இதன் கதைக்கரு ஆகும்.

வழக்கமான துப்பறியும் கதைகளில் கொலை செய்தவர் யார் என்பதே முதன்மையான கேள்வியாக இருக்கும். உளவியல் திகில் புனைவில் அக்கேள்வியோடு, கதையைச் சொல்பவரின் மனத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இப்புதினம் மேலும் ஒரு படி செல்கிறது. ஒருவருடைய நினைவில் இடைவெளி இருக்கும்போது, அவ்விடைவெளியை நிரப்புபவர் யார் என்பதை அது ஆராய்கிறது.

நூலாசிரியர்

பவுலா ஹாக்கின்ஸ் 1972 ஆம் ஆண்டில் இன்றைய சிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் பிறந்தார். 1989 இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் மெய்யியல், அரசியல், பொருளியல் ஆகிய பாடங்களைப் பயின்ற பின்னர் இதழியல் துறையில் சேர்ந்து, த டைம்ஸ் நாளிதழில் வணிகச் செய்தியாளராகப் பணியாற்றினார். பெண்களுக்கான நிதி ஆலோசனை நூல் ஒன்றையும், ஏமி சில்வர் என்னும் புனைபெயரில் சில காதல் நகைச்சுவைப் புதினங்களையும் எழுதினார். அப்புதினங்கள் பெரிய வெற்றி பெறவில்லை. அதன் பின்னர், தமக்கு இயல்பாக வரும் இருண்ட கதைக்களத்தைத் தேர்ந்து, தம் சொந்தப் பெயரில் எழுதிய முதல் புதினமே இதுவாகும்.

இலண்டனில் வேலைக்குத் தொடர்வண்டியில் சென்று வந்த நாட்களில், தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே சென்ற அனுபவம் இக்கதைக்கு வித்தானது.

முதன்மைக் கதைமாந்தர்

- ரேச்சல் வாட்சன்: கதையின் நாயகி. மணமுறிவு பெற்றவர். மதுப்பழக்கத்தால் வேலையை இழந்தவர்.
- டாம் வாட்சன்: ரேச்சலின் முன்னாள் கணவர்.
- அன்னா வாட்சன்: டாமின் இரண்டாம் மனைவி. ஈவி என்னும் குழந்தையின் தாய்.
- மேகன் ஹிப்வெல்: டாமின் வீட்டுக்கு அருகில் வசிக்கும் இளம்பெண். காணாமற் போகிறவர்.
- ஸ்காட் ஹிப்வெல்: மேகனின் கணவர்.
- கமால் அப்டிக்: மேகனுக்கு ஆலோசனை வழங்கும் உளச்சிகிச்சையாளர்.
- கேத்தி: ரேச்சலுக்குத் தன் வீட்டில் இடமளித்த தோழி.
- காஸ்கில், ரைலி: வழக்கை விசாரிக்கும் காவல்துறை அதிகாரிகள்.

கதைச்சுருக்கம்

குறிப்பு: இப்பகுதியிலும் இதற்கு அடுத்துவரும் பகுதிகளிலும் கதையின் முடிவு கூறப்பட்டுள்ளது.

ரேச்சல் நாள்தோறும் காலை 8:04 மணி வண்டியில் இலண்டனின் யூஸ்டன் நிலையத்துக்குச் செல்கிறார். குடித்த நிலையில் நடந்துகொண்ட முறையால் அவர் வேலையை இழந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. இதனைத் தோழி கேத்தியிடம் மறைப்பதற்காகவே அவர் இன்னும் வேலைக்குச் செல்வதுபோல் போய்வருகிறார். விட்னி என்னும் இடத்துக்கு அருகே, பழுதான கைகாட்டி ஒன்றின் முன் வண்டி அடிக்கடி நின்றுவிடும். அங்கிருந்து பிளென்ஹைம் சாலையின் 15 ஆம் எண் வீடு நன்றாகத் தெரியும். அவ்வீட்டில் வாழும் இளம் இணையருக்கு ரேச்சல் தாமாகவே ஜெஸ், ஜேசன் எனப் பெயரிட்டு, குறையற்ற ஒரு வாழ்வை அவர்களுக்குக் கற்பனை செய்துகொள்கிறார். அதே சாலையின் 23 ஆம் எண் வீட்டில்தான் ரேச்சல் முன்பு டாமுடன் வாழ்ந்தார். செயற்கைக் கருத்தரிப்பு முயற்சி பலனளிக்காததால் மனச்சோர்வுக்கு ஆளாகி அவர் குடிக்கத் தொடங்கினார். டாம் அன்னாவுடன் உறவு கொண்டு, பின்னர் அவரையே மணந்து, அவ்வீட்டிலேயே வாழ்கிறார்.

ஒரு நாள் காலை, "ஜெஸ்" வேறோர் ஆடவரை முத்தமிடுவதை ரேச்சல் வண்டியிலிருந்து பார்க்கிறார். மறுநாள் மாலை நன்கு குடித்துவிட்டு விட்னிக்குச் செல்கிறார். அடுத்த நாள் விழிக்கும்போது தலையில் காயமும் உடலில் கன்றிய தடங்களும் இருக்கின்றன. முந்தைய இரவில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை. சுரங்கப்பாதை ஒன்று, செந்நிற முடியுடைய ஆடவர் ஒருவர், நீல ஆடை அணிந்த பெண் ஒருவர் என்னும் துண்டுக் காட்சிகள் மட்டுமே எஞ்சியுள்ளன. அதே இரவில் "ஜெஸ்", அதாவது மேகன் ஹிப்வெல், காணாமற் போய்விட்டார் என்பதை அவர் பின்னர் அறிகிறார்.

தாம் கண்டதை ரேச்சல் காவல்துறையினரிடம் கூறுகிறார். ஆனால் முன்னாள் கணவரின் குடும்பத்தைத் தொந்தரவு செய்யும் குடிகாரப் பெண் என்றே அவர்கள் அவரை மதிப்பிடுகின்றனர். மேகனின் தோழி என்று பொய் சொல்லி ரேச்சல் ஸ்காட்டை அணுகுகிறார். அவர் கண்ட ஆடவர் மேகனின் சிகிச்சையாளரான கமால் எனத் தெரியவருகிறது. கமால் கைது செய்யப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்படுகிறார். இழந்த நினைவை மீட்கும் நோக்குடன் ரேச்சலும் அவரிடமே நோயாளியாகச் செல்கிறார். இதற்கிடையில் மேகனின் உடல் ஒரு காட்டில் கண்டெடுக்கப்படுகிறது. அவர் கருவுற்றிருந்தார் என்பதும், அக்கருவின் தந்தை ஸ்காட்டோ கமாலோ அல்லர் என்பதும் தெரியவருகின்றன.

நினைவுகள் சிறிது சிறிதாகத் திரும்பும்போது, சுரங்கப்பாதையில் தம்மைத் தாக்கியவர் டாம் என்பதை ரேச்சல் உணர்கிறார். டாமுடன் வண்டியில் ஏறிய பெண் அன்னா அல்லர், மேகனே என்பதும் தெளிவாகிறது. குழந்தை ஈவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சிலகாலம் இருந்த மேகனுடன் டாம் கள்ள உறவு வைத்திருந்தார். தாம் கருவுற்றிருப்பதை மேகன் கூறியபோது எழுந்த சண்டையில் டாம் அவரைக் கொன்றுவிட்டார். இறுதியில், தம்மைக் கொல்ல முனையும் டாமை, மதுப்புட்டியின் தக்கையைத் திறக்கும் திருகாணியால் ரேச்சல் கழுத்தில் குத்துகிறார். அன்னா அத்திருகாணியை மேலும் ஆழமாகத் திருகுகிறார். இருவரும் தற்காப்புக்காகவே இது நிகழ்ந்ததாகக் காவல்துறையிடம் ஒரே விதமாகக் கூறுகின்றனர்.

கதை சொல்லும் முறை

இப்புதினம் ரேச்சல், மேகன், அன்னா ஆகிய மூன்று பெண்களின் தன்மைக் கூற்றாக அமைந்துள்ளது. ஒவ்வொரு பகுதியும் நாட்குறிப்பைப் போல நாளும், காலை அல்லது மாலை என்னும் பொழுதும் குறிக்கப்பட்டுத் தொடங்குகிறது. ரேச்சலின் கூற்று 2013 சூலையில் தொடங்க, மேகனின் கூற்று 2012 மே மாதத்திலிருந்து தொடங்கி, அவர் மறைந்த இரவை நோக்கி நகர்கிறது. எனவே வாசகர் ஒரு பக்கத்தில் மேகனைத் தேடுவோரையும், அடுத்த பக்கத்தில் மேகனின் குரலையும் மாறி மாறி எதிர்கொள்கிறார்.

தேதிகள் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருப்பதால், கூறப்படுபவையும் துல்லியமானவை என்னும் எண்ணம் வாசகரிடம் தோன்றுகிறது. உண்மையில் மூவருமே முழுமையாக நம்பத்தக்கவர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய நம்பகமின்மை ஒரே வகையைச் சேர்ந்ததன்று.

- ரேச்சல் பிறரிடம் பொய் சொல்கிறார். ஆனால் வாசகரிடம் பொய் சொல்வதில்லை. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றே கூறுகிறார். அவருக்குத் தெரிந்தவை எனக் கூறும் சிலவே தவறானவை.
- மேகன் உண்மையை அறிந்தவர். எனினும் தம் காதலரைப் பெயர் சொல்லாமல் "அவன்" என்று மட்டுமே பல இடங்களில் குறிப்பிடுகிறார். அச்சொல் கமாலைக் குறிக்கிறது என வாசகர் எண்ணிக்கொள்கிறார்.
- அன்னா தம் கணவர் பொய் சொல்வதில் வல்லவர் என்பதை முன்பே அறிவார். ரேச்சலை ஏமாற்றி அவர் தம்மிடம் வந்த நாட்களில் அத்திறமையால் பயன்பெற்றவர் அவரே. அதே பொய் இப்போது தமக்கும் சொல்லப்படலாம் என்பதைக் காண அவர் விரும்புவதில்லை.

"நம்பகமற்ற கதைசொல்லி" என்னும் கலைச்சொல்லை அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961 இல் வெளிவந்த தம் நூலில் அறிமுகப்படுத்தினார். அறியாமையாலோ குறைபாட்டாலோ பிழைபடும் கதைசொல்லி, திட்டமிட்டு ஏமாற்றும் கதைசொல்லி என இருவகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என கிரேட்டா ஓல்சன் 2003 இல் எழுதினார். இப்பகுப்பின்படி ரேச்சல் முதல் வகையினர். கில்லியன் பிளின் எழுதிய கான் கேர்ள் (2012) புதினத்தின் ஏமி, போலியான நாட்குறிப்பு எழுதி வாசகரையும் ஏமாற்றுவதால் இரண்டாம் வகையினர் ஆவார். இவ்விரு நூல்களும் அடிக்கடி ஒப்பிடப்பட்டாலும் இவ்வேறுபாடு முக்கியமானது.

மதுவும் நினைவு இடைவெளியும்

கதையின் மையமாக உள்ள நினைவு இடைவெளி மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்றாகும். ஒருவர் குறுகிய நேரத்தில் மிகுதியாக மது அருந்தும்போது குருதியில் மதுவின் அளவு விரைவாக உயர்கிறது. அப்போது, அண்மை நிகழ்வுகளை நீண்டகால நினைவாக மாற்ற உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியின் செயற்பாடு தடைபடுகிறது. இது மயக்கமுற்று விழுவதிலிருந்து வேறுபட்டது. அந்நிலையில் உள்ளவர் நடப்பார், பேசுவார், வண்டியில்கூட ஏறிச் செல்வார். அவருடைய நினைவில் எதுவும் பதியவில்லை என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாமலும் போகலாம்.

டொனால்ட் குட்வினும் அவருடைய குழுவினரும் மதுவுக்கு அடிமையான 100 பேரிடம் நடத்திய ஆய்வு 1969 இல் வெளிவந்தது. இத்தகைய இடைவெளிகளை இரண்டாகப் பிரிப்பது அதன்பின் வழக்கமானது.

- முழு இடைவெளி: குறிப்பிட்ட நேரத்தில் நடந்தவை அறவே பதிவாவதில்லை. பதிவாகாத ஒன்றை அறிதுயில் முதலிய எந்த முறையாலும் மீட்க இயலாது.
- துண்டு இடைவெளி: சில காட்சிகள் மட்டும் பதிவாகியிருக்கும். இடம், மணம், முகம் போன்ற தூண்டுதல்களால் அவை திரும்ப நினைவுக்கு வரலாம்.

ரேச்சலின் நிலை இரண்டாவது வகைக்குப் பொருந்துவதாகவே எழுதப்பட்டுள்ளது. சுரங்கப்பாதைக்கு மீண்டும் செல்லும்போதும், செந்நிற முடியுடைய ஆடவரை மறுபடியும் சந்திக்கும்போதும் அவருக்குத் துண்டுகள் நினைவுக்கு வருகின்றன. எனினும் திரும்பிவரும் நினைவு என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. அதனைப் புறச்சான்றுகளோடு ஒப்பிட்டே உறுதிசெய்ய முடியும். புதினமும் இதனை உணர்ந்தே, அந்த ஆடவரின் கூற்றையும், டாமின் பொருட்களிடையே அன்னா கண்டெடுக்கும் கைபேசியையும் சான்றுகளாகத் தருகிறது.

பிறர் சொல்லால் உருவாகும் நினைவு

நினைவு என்பது அப்படியே சேமித்து வைக்கப்பட்ட ஒளிப்படம் அன்று. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் அது புதிதாகக் கட்டமைக்கப்படுகிறது. அப்போது பிறர் கூறிய சொற்களும் அதில் கலந்துவிடுகின்றன. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் என்பவருடன் இணைந்து 1974 இல் வெளியிட்ட சோதனை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். வண்டிகள் மோதும் படக்காட்சிகள் 45 மாணவர்களுக்குக் காட்டப்பட்டன. வண்டிகள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றனர். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றனர். காட்சிகள் ஒன்றே. கேள்வியில் மாறியது ஒரு வினைச்சொல் மட்டுமே.

இப்புதினத்தில் டாம் செய்வதும் இத்தகையதே. ஆனால் அவர் அதனைப் பல ஆண்டுகளாக, வேண்டுமென்றே செய்கிறார். ரேச்சல் குடித்து நினைவிழந்த இரவுகளுக்குப் பின், அவர் செய்ததாக டாம் கூறும் செயல்களே அவருடைய நினைவுகளாக மாறுகின்றன. ஒருமுறை ரேச்சல் கோல்ஃப் மட்டையால் தம்மைத் தாக்க வந்ததாகவும், சுவரில் உள்ள பள்ளம் அதனால் ஏற்பட்டதே எனவும் டாம் கூறியிருந்தார். சுவரில் பள்ளம் இருப்பது உண்மை. ஆகவே கதையும் உண்மை என ரேச்சல் ஏற்றுக்கொண்டு, அதற்காக நெடுங்காலம் வெட்கமும் குற்றவுணர்வும் கொண்டிருந்தார். ஆனால் அந்த இரவை எண்ணும்போதெல்லாம் அவருக்குள் எழுவது சினம் அன்று, அச்சம். தாக்கியவருக்கு இருக்க வேண்டிய உணர்வும் தம்மிடம் உள்ள உணர்வும் பொருந்தவில்லை என்பதிலிருந்தே அவர் உண்மையை அணுகுகிறார். மட்டையை வீசியவர் டாம். தப்பியவர் ரேச்சல்.

ஒருவரைத் தம் அறிவின் மீதும் நினைவின் மீதும் நம்பிக்கை இழக்கச் செய்யும் இவ்வகை வஞ்சகம் ஆங்கிலத்தில் "கேஸ்லைட்டிங்" எனப்படுகிறது. பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938 இல் இங்கிலாந்தில் மேடையேறிய கேஸ் லைட் என்னும் நாடகத்திலிருந்து இச்சொல் தோன்றியது. அந்நாடகத்தில், கணவன் மாடியில் இரகசியமாக விளக்கேற்றும்போது கீழே உள்ள எரிவாயு விளக்கின் ஒளி குறைகிறது. அதனைக் கவனிக்கும் மனைவி தமக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என அஞ்சும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். இது 1940 இலும் 1944 இலும் திரைப்படமாக்கப்பட்டது. இரண்டாவது படத்தில் நடித்ததற்காக இங்கிரிட் பெர்க்மன் சிறந்த நடிகைக்கான அகாதமி விருது பெற்றார்.

நாடகத்தின் மனைவி குற்றமற்றவராகவும் மென்மையானவராகவும் படைக்கப்பட்டவர். பார்வையாளர் அவரை எளிதில் நம்புவர். ரேச்சலோ பொய் சொல்பவர், குடிப்பவர், அழையாத வீட்டுக்குச் செல்பவர். அவரை நம்பாமலிருப்பதற்குக் காவல்துறையினருக்கும் தோழிக்கும் வாசகருக்கும் போதிய காரணம் உண்டு. அக்காரணங்களே டாமுக்கு மறைவிடமாக அமைகின்றன. குறையுள்ள ஒருவரின் சாட்சியம் தள்ளப்படும்போது, அக்குறையால் பயனடைபவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே இப்புதினம் எழுப்பும் கருத்தாகும்.

இப்புதினம் வெளிவந்த அதே 2015 ஆம் ஆண்டில், இங்கிலாந்திலும் வேல்சிலும் நெருங்கிய உறவுகளில் ஒருவரைத் தொடர்ந்து அடக்கியாள்வது அல்லது கட்டுப்படுத்துவது தனிக் குற்றமாக்கப்பட்டது. கடுங்குற்றச் சட்டம் 2015 இன் 76 ஆம் பிரிவின்படி இதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இப்பிரிவு 2015 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. புதினத்துக்கும் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் உடற்காயம் இல்லாத கொடுமையும் கொடுமையே என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்று வந்ததை இரண்டும் காட்டுகின்றன.

முன்னோடிப் படைப்புகள்

தற்செயலாக ஒரு குற்றத்தைக் கண்டவரின் சொல்லை எவரும் நம்பாதிருப்பது இவ்வகைப் புனைவில் பழைய உத்தியாகும். அகதா கிறிஸ்டியின் 4.50 புரொம் பேடிங்டன் (1957) புதினத்தில், ஒரு முதிய பெண்மணி தம் வண்டிக்கு இணையாகச் செல்லும் மற்றொரு வண்டியில் ஒரு பெண் கழுத்து நெரிக்கப்படுவதைக் காண்கிறார். உடல் கிடைக்காததால் அவர் கூற்று ஏற்கப்படுவதில்லை. கார்னெல் உல்ரிச்சின் 1942 ஆம் ஆண்டுச் சிறுகதையைத் தழுவி ஆல்பிரட் ஹிட்ச்காக் 1954 இல் இயக்கிய ரியர் விண்டோ படத்தில், கால் முறிந்து வீட்டில் அடைபட்ட ஒருவர் எதிர் வீட்டுச் சாளரங்களைப் பார்த்துக்கொண்டிருந்து ஒரு கொலையை ஊகிக்கிறார்.

இவ்விரண்டிலும் கண்டவர் தாம் கண்டதை ஐயுறுவதில்லை. பிறரை நம்பவைப்பதே அவர்களுடைய சிக்கல். ரேச்சல் தம்மையே நம்பவைக்க வேண்டியிருக்கிறது என்பதே வேறுபாடாகும்.

வரவேற்பும் விமர்சனமும்

புதினம் வெளிவந்த சில வாரங்களிலேயே நியூயார்க் டைம்ஸ் இதழின் புனைவு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பெற்றது. ஐக்கிய இராச்சியத்தில் கெட்டி அட்டைப் பதிப்புகளின் விற்பனைப் பட்டியலில் 20 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு, உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றுள்ளது. இதன் வெற்றிக்குப் பின் நம்பகமற்ற பெண் கதைசொல்லிகளைக் கொண்ட திகில் புதினங்கள் பெருகின.

மூன்று பெண்களின் குரல்களும் மொழிநடையில் போதிய அளவு வேறுபடவில்லை என்பது நூலைப் பற்றிய குறைகளுள் ஒன்று. பெண்கள் மூவரின் வாழ்வும் ஆண்களையும் மகப்பேற்றையும் சுற்றியே அமைந்துள்ளது எனவும் கூறப்பட்டது. அதேவேளை, மதுவுக்கு அடிமையான பெண்ணைக் கேலிப்பொருளாகவோ வில்லியாகவோ ஆக்காமல், அவருடைய வெட்கத்தையும் மீண்டெழும் முயற்சியையும் உள்ளிருந்து காட்டியமை பாராட்டைப் பெற்றது.

தழுவல்கள்

புதினம் வெளிவருவதற்கு முன்பே, 2014 இல், அதன் திரைப்பட உரிமையை டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் பெற்றது. டேட் டெய்லர் இயக்கிய படம் 2016 அக்டோபரில் வெளியானது. கதைக்களம் இலண்டனிலிருந்து நியூயார்க் பகுதிக்கு மாற்றப்பட்டது. ரேச்சலாக எமிலி பிளன்ட், மேகனாக ஹேலி பென்னட், அன்னாவாக ரெபேக்கா பெர்குசன், டாமாக ஜஸ்டின் திரூ ஆகியோர் நடித்தனர். எமிலி பிளன்டின் நடிப்பு பிரித்தானிய அகாதமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எழுத்தில் "எனக்கு நினைவில்லை" என்று கதைசொல்லி கூறுவதைத் திரையில் காட்டுவது கடினம். எனவே டாம் கூறிய பொய்களை முதலில் உண்மைக் காட்சிகளாகவே காட்டி, பின்னர் அதே நிகழ்வுகளைத் திருத்தி மீண்டும் காட்டும் முறை படத்தில் கையாளப்பட்டது. இதனால் ரேச்சல் ஏமாந்ததைப் போலவே பார்வையாளரும் ஏமாறுகின்றனர்.

2018 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இது நாடகமாக மேடையேறியது. ரிபு தாஸ்குப்தா இயக்கிய இந்தித் தழுவல் 2021 பெப்ரவரியில் நெட்பிளிக்ஸ் தளத்தில் வெளியானது. பரினீதி சோப்ரா நாயகியாக நடித்த இப்படம் இலண்டனைக் களமாகக் கொண்டிருந்தாலும், நாயகியின் நினைவிழப்புக்கு மதுவோடு விபத்தில் ஏற்பட்ட தலைக்காயத்தையும் காரணமாக்கியது. கதையின் முடிவும் மாற்றப்பட்டது.

பவுலா ஹாக்கின்ஸின் பிற புதினங்கள்

- இன்டு த வாட்டர் (2017)
- எ சுலோ பயர் பர்னிங் (2021)
- த புளூ அவர் (2024)